வாசலுக்கு உள்ளே எண்ணப்பட்டவர்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருவர் அருகில் வந்து, "சார், ஏழை நாட்டு ஆலைகள் பணக்கார நாட்டு ஆலைகளை எட்டிப்பிடித்துக்கொண்டே வருகின்றன என்று சொன்னீர்கள். அப்படியானால் ஏழை நாடுகள் ஏன் பணக்கார நாடுகளை எட்டிப்பிடிக்கவில்லை?" என்று கேட்டார். ஆலைகளில் வேலை செய்பவர்கள் மொத்த உழைப்பாளர்களில் ஒரு சிறு பகுதிதான், அதனால்தான் என்று உடனே பதில் சொன்னேன். அவர் தலையசைத்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். பதிலில் தவறில்லை. ஆனாலும் அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போதே அது உறுத்தத் தொடங்கிவிட்டது. எட்டிப்பிடிக்கும் வல்லமை ஒரு துறைக்கு உண்டு என்றால், ஆட்கள் அங்கே போய்ச் சேராமல் வெளியே நிற்பது ஏன்? அவர்கள் வெளியே நிற்பதற்கும் உள்ளே இருக்கும் துறை விரைந்து வளர்வதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? இந்த இரண்டாவது கேள்வியை நான் அதுவரை எனக்கே கேட்டுக்கொண்டதில்லை.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது பொருளாதார அறிஞர் டானி ரோட்ரிக் 2013இல் வெளியிட்ட ஆய்வின் முடிவை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆலைத் தொழில்களை எடுத்துக்கொண்டு, தொடக்கத்தில் ஓர் உழைப்பாளியின் உற்பத்தித்திறன் எங்கே குறைவாக இருந்ததோ அங்கே அது விரைவாக வளர்ந்திருக்கிறது என்று அவர் காட்டினார். ஆட்சி எப்படி, கல்வி எப்படி, துறைமுகம் உண்டா இல்லையா என்ற எந்த நிபந்தனையும் இல்லாமலேயே இது நடந்திருக்கிறது. இடைவெளி ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு வரை சுருங்கியிருக்கிறது. ஆண்டுக்கு 2 விழுக்காடு என்றால் இடைவெளி பாதியாக ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகும், 3 விழுக்காடு என்றால் 23 ஆண்டுகள் போதும். முழு நாடுகளை எடுத்துக்கொண்டால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் அப்படி நிபந்தனையற்ற நெருக்கம் எதுவும் தென்படவில்லை. கல்வி, முதலீடு, நிறுவனங்களின் தரம் ஆகியவை ஒத்திருக்கும் நாடுகளுக்கு இடையில் மட்டுமே அது தெரிகிறது. ஒரே நாட்டுக்குள் ஒரு துறை ஓடுகிறது, நாடு நிற்கிறது. இந்த முரணைத்தான் அந்த மாணவி கையில் பிடித்துக் காட்டினார்.

ஒரு மாலைக் கணக்கு

அன்று இரவே எக்செல்லைத் திறந்து மிக எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பணக்கார நாட்டில் எல்லாத் துறையிலும் ஓர் உழைப்பாளியின் உற்பத்தித்திறன் 100 என்று வைத்துக்கொண்டேன். ஏழை நாட்டில் அது வேளாண்மையில் 10, ஆலையில் 40, சேவைத் துறையில் 30. நூறு பேரில் 60 பேர் நிலத்திலும், 10 பேர் ஆலையிலும், 30 பேர் சேவையிலும் இருக்கிறார்கள். அப்படியானால் அந்த நாட்டின் சராசரி 19. இருபது ஆண்டுகள் கழித்து ஆலையின் உற்பத்தித்திறன் 40இலிருந்து 60க்கு ஏறிவிட்டது என்று கொள்வோம். எந்த ஆய்வாளரும் மகிழ்ச்சியடையும் முன்னேற்றம் அது. ஆனால் புதிய இயந்திரங்கள் வந்ததால் ஆலையில் இருப்போர் 8 பேராகக் குறைந்துவிட்டார்கள். நிலத்தை விட்டு வெளியேறியவர்கள் சில்லறை விற்பனை, சுமை தூக்குதல் என்று கிடைத்த வேலையில் நெருக்கியடித்து நுழைந்ததால் சேவைத் துறையில் இப்போது 42 பேர். வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஆள் கூடியதால் அதன் உற்பத்தித்திறன் 24 ஆகிவிட்டது. மீதி 50 பேர் இன்னும் நிலத்தில் இருக்கிறார்கள், அதே 10இல். கூட்டிப் பார்த்தால் நாட்டின் சராசரி 19.88. ஆலை இருபது புள்ளி முன்னேறியது, நாடு ஒரு புள்ளிகூட முழுமையாக முன்னேறவில்லை.

பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஆலையின் உற்பத்தித்திறன் 40இலேயே நிற்கட்டும், எட்டிப்பிடித்தல் என்ற பேச்சே வேண்டாம். ஆனால் நிலத்திலிருந்து 15 பேர் ஆலைக்குப் போகட்டும். இப்போது நிலத்தில் 45 பேர், ஆலையில் 25 பேர், சேவையில் முன்போலவே 30 பேர். சராசரி 23.5. எந்தத் துறையும் ஓர் அங்குலம்கூட நெருங்காத நிலையில், ஆட்கள் இடம் மாறியதாலேயே நாடு நாலரைப் புள்ளி முன்னேறிவிட்டது. இந்த இரண்டு வரிகளையும் திரையில் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் துறை எட்டிப்பிடிக்கிறது என்று கேட்பதிலேயே கவனத்தைச் செலவிட்டால், யார் எங்கே நிற்கிறார்கள் என்பது பார்வையிலிருந்து விலகிப்போகிறது.

இது கற்பனைக் கணக்கு மட்டும் என்று தள்ளிவிட முடியாது. மார்கரெட் மக்மிலனும் ரோட்ரிக்கும் 2011இல் 38 நாடுகளின் தரவுகளை வைத்து எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டுகிறது. 1990க்குப் பிந்தைய காலத்தில் ஆசியாவில் உழைப்பாளர்கள் குறைந்த திறன் துறையிலிருந்து உயர்ந்த திறன் துறைக்கு நகர்ந்தார்கள். லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் அந்த நகர்வு தலைகீழாக நடந்து, துறைகளுக்குள் கிடைத்த முன்னேற்றத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. வெளிநாட்டுப் போட்டி வந்ததும் லத்தீன் அமெரிக்க ஆலைகள் திறன் கூட்டின. கூட்டிய அதே வேளையில் ஆட்களைக் குறைத்தன. வெளியேற்றப்பட்டவர்கள் அதைவிடத் தாழ்ந்த வேலைகளுக்குப் போனார்கள். ஆலையின் சராசரி ஏறியதும் நாட்டின் சராசரி தள்ளாடியதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள்.

பழைய வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவும் ஜெர்மனியும் பிரிட்டனை முந்தியது ஆலைகளால்தான் என்று நம்மில் பலர் பாடமாகப் படித்திருக்கிறோம், நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஸ்டீஃபன் பிராட்பெர்ரி 1870 முதல் 1990 வரையிலான காலத்தைத் துறைவாரியாகப் பிரித்து, 1998இல் வெளியிட்ட கணக்கு வேறு கதை சொல்கிறது. அமெரிக்க ஆலை உழைப்பாளியின் உற்பத்தித்திறன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரிட்டனுடையதைப் போல ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. ஜெர்மன் ஆலைகளும் நீண்ட கால நோக்கில் பிரிட்டனைவிட்டு வெகுதூரம் விலகிச் சென்றுவிடவில்லை. இரு நாடுகளும் பிரிட்டனை முந்தியது பெரும்பாலும் இரண்டு வழிகளில்: வேளாண்மையில் தேங்கியிருந்த உழைப்பு வெளியே வந்தது, சேவைத் துறையின் திறன் உயர்ந்தது. இதைப் படித்த பிறகு, புகைபோக்கிகளின் படத்தைக் காட்டி வளர்ச்சியை விளக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

மண்ணும் கத்தரிக்கோலும்

துறைகள் ஏன் இப்படி வேறுபடுகின்றன என்பதில் பெரிய மர்மம் இல்லை. ஆலை இயந்திரம் எந்த நாட்டில் இறக்கினாலும் ஒரே வேகத்தில் சுழலக்கூடியது. அதை விற்றவரே வந்து பொருத்திக்கொடுக்கிறார். உற்பத்திப் பொருள் எல்லை தாண்டி விற்கப்படுவதால், வாங்குபவர் கேட்கும் தரம் ஆலைக்குள் கட்டாயமாக நுழைந்துவிடுகிறது. அறிவின் பெரும்பகுதி இரும்புக்குள் அடைக்கப்பட்டு வருகிறது என்று சொல்லலாம். தொலைத்தொடர்பு, வானூர்திப் போக்குவரத்து போன்ற சில சேவைகளும் இந்த வகைதான்.

மண் அப்படி இல்லை. ஓரிடத்தில் விளையும் விதை இன்னோர் இடத்தில் அதே பலனைத் தராது. மழையும் பூச்சியும் நிலத்தின் சாய்வும் மாறும்போது அறிவையும் உள்ளூரிலேயே புதிதாக உருவாக்க வேண்டியிருக்கிறது. நிலத்தின் அளவும் பெரிய தடை. உலகின் மிகப் பணக்கார ஐந்தில் ஒரு பங்கு நாடுகளில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 54 ஹெக்டேர், மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கு நாடுகளில் 1.6 ஹெக்டேர். அவ்வளவு சிறிய நிலத்தில் டிராக்டரை ஓட்டித் திருப்பவே இடம் போதாது. இதன் விளைவை 1985ஆம் ஆண்டுக்கான ஒரு கணக்கு காட்டுகிறது. மிகப் பணக்கார 5 விழுக்காடு நாடுகளின் வேளாண் உழைப்பாளி, மிக ஏழையான 5 விழுக்காடு நாடுகளின் வேளாண் உழைப்பாளியைவிட 78 மடங்கு உற்பத்தி செய்தார். வேளாண்மை அல்லாத பிற துறைகளில் அதே இடைவெளி 5 மடங்குதான். அந்த ஏழை நாடுகளிலோ, பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் இடைவெளி மிகப் பெரிதாக இருக்கும் அந்தத் துறையில்தான் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

சேவைத் துறையைப் பற்றிப் பேசும்போதுதான் நான் எப்போதும் தயங்குவேன். ஒரு முடிதிருத்துபவரை எண்ணிப் பாருங்கள். எந்த நாட்டிலும் அவர் கையில் இருப்பது அதே சீப்பும் கத்தரிக்கோலும்தான். ஒரு தலைக்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நாணய மாற்று விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால் பணக்கார நாட்டுக்காரரின் உற்பத்தித்திறன் பன்மடங்கு என்று வரும். அவர் அதிகம் பெறுவதற்குக் காரணம் அவருடைய விரல்களின் வேகம் இல்லை. அவரைச் சுற்றியுள்ள ஆலைகளில் கூலி உயர்ந்திருப்பதால் அந்தக் கூலிக்கு ஈடு கொடுத்தால்தான் ஒருவர் கத்தரிக்கோலைப் பிடிக்க முன்வருவார். பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் 1964இல் தனித்தனியே விளக்கியது இதைத்தான். எனவே ஒவ்வொரு துறைக்கும் அதற்கே உரிய விலைகளைக் கொண்டு ஒப்பிட வேண்டும். அந்த விலைகளில் அடிப்படை ஆண்டை, அதாவது எந்த ஆண்டின் விலைகளை வைத்து ஒப்பிடுகிறோமோ அதை, மாற்றினால் முடிவே மாறிவிடுவதும் உண்டு. பெர்னார்டும் ஜோன்ஸும் 14 வளர்ந்த நாடுகளை 1970 முதல் 1987 வரை ஒப்பிட்டு, சேவைத் துறை நெருங்குகிறது, ஆலைத் துறை நெருங்கவில்லை என்று 1996இல் அறிவித்தார்கள். ரோட்ரிக்கின் முடிவுக்கு நேர் எதிரானது. அடிப்படை ஆண்டைப் பொறுத்து அந்த ஆலைக் கணக்கு மாறுவதை 2001இல் இன்னொருவர் எடுத்துக்காட்டினார். அரசுப் பணிகளின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஓர் ஆசிரியரின் அல்லது செவிலியரின் உற்பத்தியைப் பல நாடுகளில் அவர்களுடைய சம்பளத்தை வைத்தே மதிப்பிடுகிறார்கள். அப்படி மதிப்பிட்டால் உற்பத்தித்திறன் உயர்வதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இத்தனை தயக்கத்துக்குப் பிறகும் ஒன்றை மறுக்க முடியவில்லை. டுவார்ட்டேயும் ரெஸ்டுச்சியாவும் 29 நாடுகளை 1956 முதல் 2004 வரை பின்தொடர்ந்து பார்த்தபோது, ஆலைத் துறையில் பல நாடுகள் நெருங்கின, சேவைத் துறையில் நெருங்கவில்லை. வளர்ந்துகொண்டிருந்த நாடுகள் திடீரென்று தேங்கியதற்கும், சில பின்னடைந்ததற்கும் பெரும் காரணம் அங்கேதான் இருந்தது. 1995க்குப் பிறகு ஐரோப்பா அமெரிக்காவைவிடப் பின்தங்கியதும் வணிகம், நிதி, தொழில்சார் சேவைகள் ஆகியவற்றில்தான். உழைப்பாளர்களில் பெரும்பான்மையோர் சேவைக்குப் போய்விட்ட பிறகு, ஆலை எவ்வளவு வேகமாக ஓடினாலும் நாட்டை இழுத்துச் செல்லும் வலு அதற்கு இருப்பதில்லை.

பட்டியல் எழுதப்படும் இடம்

இதுவரை சொன்னதெல்லாம் ஏதோ ஒரு வகையில் எனக்கு முன்பே தெரிந்தவைதான். என் மனத்தை மாற்றியது வேறொன்று. அடுத்த பருவத்துக்கான பாடத்தைத் தயாரிக்க, 1986இல் வில்லியம் பாமோல் எழுதிய பழைய கட்டுரையை மீண்டும் எடுத்தேன். ஆங்கஸ் மேடிசன் தொகுத்த எண்களைக் கொண்டு, 16 நாடுகள் 1870 முதல் 1979 வரை உற்பத்தித்திறனில் ஒன்றையொன்று நெருங்கி வந்ததை அவர் காட்டியிருந்தார். பின்தங்கித் தொடங்கிய நாடு வேகமாக ஓடியது. கோடு அவ்வளவு நேர்த்தியாக விழுந்தது. இரண்டு ஆண்டுகளில் பிராட்ஃபோர்ட் டி லாங் அதன் அடித்தளத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். அந்தப் பதினாறு நாடுகளும் இன்று பணக்கார நாடுகளாக இருப்பதால்தான் அவற்றுக்கு நீண்ட காலத் தரவுகள் கிடைத்தன. வென்றவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி, எல்லோரும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்தார்கள் என்று சொன்னால் அது கண்டுபிடிப்பாகாது. 1870இல் பார்த்தால் நல்ல நிலையில் இருந்த அர்ஜென்டினா, சிலி, போர்ச்சுகல் போன்றவற்றையும் சேர்த்தபோது அந்த நெருக்கம் பெரும்பாலும் கலைந்துபோனது. பட்டியல் பந்தயத்தின் முடிவில் எழுதப்பட்டிருந்தது.

இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆனால் அன்று அதை வாசித்து முடித்த கையோடு ரோட்ரிக்கின் கட்டுரையில் தரவுகளைப் பற்றிய பகுதியைப் புரட்டியபோது கை நின்றுவிட்டது. அந்தத் தரவுகள் வியன்னாவில் இயங்கும் ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பினுடையவை. பெரும்பாலான நாடுகளில் அவை ஐந்து அல்லது பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும், பதிவு பெற்ற நிறுவனங்களை மட்டுமே எண்ணுகின்றன. ரோட்ரிக் இதை மறைக்கவில்லை. முறைசார்ந்த ஆலைகளைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை ஒவ்வொரு முறையும் விரைந்து கடந்துபோனவன் நான்தான். இங்கேயும் ஒரு பட்டியல் இருக்கிறது, அது ஆலையின் வாசலில் எழுதப்படுகிறது. உள்ளே வரத் தகுதி பெற்றவர்கள் எட்டிப்பிடிக்கிறார்கள். தகுதி பெறாதவர் தாழ்ந்துபோவதில்லை, கணக்கிலேயே இருப்பதில்லை.

ஒரு சட்டை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஏற்றுமதி ஆலையில் ஒருவர் நாள் முழுவதும் கழுத்துப்பட்டியை மட்டும் தைக்கிறார், அடுத்தவர் கையை மட்டும். வெட்டிய துணி கட்டுக்கட்டாக அவர் மேசைக்கு வந்துசேர்கிறது, நூல் தீர்வதற்குள் மாற்றப்படுகிறது. வீட்டு முன்னறையில் ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு இருப்பவரோ தாமே அளவெடுத்து, வெட்டி, தைத்து, பொத்தான் வைத்து, இஸ்திரியும் போடுகிறார். நாளில் ஒரு பகுதி வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பதிலும் மின்சாரத்துக்காகக் காத்திருப்பதிலும் போய்விடுகிறது. பொருளாதாரக் கணக்கில் இருவரும் ஆலைத் தொழில் என்ற ஒரே தலைப்பின் கீழ் வருபவர்கள். ஆனால் எட்டிப்பிடித்தலைக் காட்டும் தரவுகளில் முதலாமவர் மட்டுமே இருக்கிறார்.

இரண்டாமவரையும் சேர்த்து எண்ணினால் என்ன ஆகும்? 2022இல் ஹெரன்டார்ஃப், ரோஜர்சன், வாலென்டின்யி ஆகிய மூவரும் முறைசாரா உழைப்பாளர்களையும் உள்ளடக்கிய தரவுகளைக் கொண்டு அதைச் செய்து பார்த்தார்கள். நெருக்கம் மறைந்துவிட்டது. ஆலைத் துறையில் நாடுகளுக்கு இடையிலான இடைவெளி, பொருளாதாரம் முழுவதற்குமான இடைவெளியைவிடப் பெரிதாகவே இருந்தது. இதைப் படித்த அன்று, அந்த மாணவியின் கேள்விக்கு நான் சொன்ன பதில் எங்கே குறைபட்டது என்பது புரிந்தது. ஆலைத் துறை எட்டிப்பிடிக்கிறது, ஆனால் சிறியது என்று சொன்னேன். அந்தத் துறையின் எட்டிப்பிடிக்கும் பகுதி சிறியது, மீதி அதற்குள்ளேயே பின்தங்கி நிற்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும்.

எத்தியோப்பியாவையும் தான்சானியாவையும் பற்றி 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்குகிறது. அங்கே பெரிய ஆலைகள் திறனில் விரைந்து முன்னேறின, ஆனால் வேலைவாய்ப்பை அவ்வளவாகக் கூட்டவில்லை. சிறிய நிறுவனங்கள் ஆட்களைச் சேர்த்துக்கொண்டன, அவற்றின் திறன் முன்னேறவில்லை. காரணம் வருத்தம் தருவது. உலகச் சந்தையில் நிற்க வேண்டுமானால் பெரிய ஆலை அங்கே விற்கப்படும் இயந்திரங்களையே வாங்க வேண்டியிருக்கிறது. அந்த இயந்திரங்கள் உழைப்பாளர் குறைவாகவும் கூலி அதிகமாகவும் உள்ள நாடுகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. எட்டிப்பிடிக்க வைக்கும் அதே இரும்புதான் ஆட்களை வாசலில் நிறுத்துகிறது. பிந்தி வந்த நாடுகளில் ஆலை வேலைவாய்ப்பின் பங்கு, முந்தி வந்த நாடுகள் தொட்ட உயரத்தைத் தொடும் முன்பே சரியத் தொடங்கிவிடுவதாக ரோட்ரிக்கே 2016இல் எழுதினார். அதற்கும் இதற்கும் உள்ள உறவை இப்போதுதான் முழுமையாக உணர்கிறேன்.

இதனால் என் கருத்து ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. ஆட்களைக் குறைத்ததால் உயர்ந்த சராசரியையும், ஆட்களைச் சேர்த்துக்கொண்டே உயர்ந்த சராசரியையும் ஒரே சொல்லால் புகழ்வது தவறு. வலுவற்ற பத்து நிறுவனங்கள் மூடப்பட்டாலே ஒரு துறையின் சராசரி ஏறிவிடும். யாரும் எதையும் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அப்படி ஏறிய எண்ணை வளர்ச்சி என்று வரைபடத்தில் போடும்போது, மூடப்பட்ட கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் எந்தத் துறையில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் அதே வரைபடத்தில் காட்டும் கடமை நமக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

எனினும் ஆட்களை நகர்த்தினால் போதும் என்ற என் மாலைக் கணக்கையும் நான் முழுமையாக நம்பவில்லை. வேளாண்மைக்கும் பிற துறைகளுக்கும் இடையிலான இடைவெளியில் ஒரு பகுதி, வேலை நேரத்தையும் கல்வியையும் சரிசெய்ததும் குறைந்துவிடுகிறது; அதன் பிறகும் ஏறக்குறைய இருமடங்கு இடைவெளி எஞ்சுவதாக 2014இல் கோலின், லகாகோஸ், வாஹ் ஆகியோர் கணக்கிட்டார்கள். ஆனால் இந்தோனேசியாவிலும் கென்யாவிலும் ஒரே மனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவர் நிலத்தில் இருந்தபோது எவ்வளவு ஈட்டினார், வெளியேறிய பின் எவ்வளவு ஈட்டினார் என்று பார்த்தபோது அந்த இடைவெளியின் பெரும்பகுதி கரைந்துபோனது. முதலில் வெளியேறுபவர்கள் நிலத்திலேயே மற்றவர்களைவிட அதிகம் ஈட்டியிருக்கக்கூடியவர்கள். ஒருவரை 10 என்ற கட்டத்திலிருந்து எடுத்து 40 என்ற கட்டத்தில் வைத்தால் அவர் 40 ஆகிவிடுவார் என்று எக்செல் நம்புகிறது. மனிதர்கள் அப்படி மாறுவதில்லை. அவர்களுக்குப் பயிற்சியும் காலமும் வேண்டும், அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆலையும் வேண்டும்.

இவ்வளவையும் எழுதி அந்த மாணவிக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினேன். அப்போது அவர் படிப்பை முடித்து வேலைக்குப் போயிருந்தார். மூன்று நாள் கழித்து இரண்டு வரிகளில் பதில் வந்தது: "நன்றி சார். அப்படியானால் ஆலை உழைப்பாளியையும் வீட்டில் தைப்பவரையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டலாமே?" அன்றிலிருந்து வகுப்பில் நான் காட்டும் அட்டவணையில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. ஆலைத் துறையின் உற்பத்தித்திறனுக்கு அடுத்த பத்தியில், அந்த எண்ணில் சேர்க்கப்படாமல் அதே துறையில் உழைப்பவர்கள் எத்தனை பேர் என்று எழுதுகிறேன். சில நாடுகளுக்கு அந்த எண் எனக்குக் கிடைப்பதில்லை. அந்தக் கட்டங்களை நீக்காமல், வெறுமையாகவே திரையில் விட்டுவைக்கிறேன்.